பிரேக் முதல் பம்பர் வரை: எந்த உதிரிபாகத்தை எந்த வகையில் வாங்குவது?

"கம்பெனி சாமான் போடவா, வெளியில் வாங்கிப் போடவா?" வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக் தொலைபேசியில் கேட்கிறார். வேலைக்கு நடுவில் இருக்கும் வண்டிக்காரர் அரை நிமிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கார் வைத்திருக்கும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். புதுப்பித்த ஆல்டர்னேட்டர் வாங்கலாமா, பழைய ஹெட்லைட் போதுமா, வெளிச்சந்தை கிளட்ச் செட்டை நம்பலாமா என்று அதே கேள்வி பல உருவங்களில் வருகிறது.

வசதி உள்ளவர்கள் "எல்லாமே கம்பெனிப் பாகமாக இருக்கட்டும்" என்கிறார்கள். கையைக் கடிக்கும் மாதத்தில் அவர்களே "எது விலை குறைவோ அதைப் போடுங்கள்" என்கிறார்கள். வண்டி முழுவதற்கும் ஒரே விடை சொல்வதுதான் சிக்கல். ஒரே காரில் பிரேக் பேடுக்கு ஒரு விடை, பக்கக் கண்ணாடிக்கு இன்னொரு விடை. அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, அது கைவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் பதில் சொல்ல அரை நிமிடமே போதும்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லோரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். கீழே உள்ள ஐந்துக்கும் விடை தெரியாமல், எது உண்மையில் விலை குறைவு என்று சொல்லவே முடியாது.

பழுதின் விளைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பாகம் கைவிட்டால் என்ன ஆகும்? பிரேக், ஸ்டியரிங், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகள் என்றால் உயிர் போகலாம். இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைய வைக்கும் டைமிங் பெல்ட் என்றால் இன்ஜின் போகலாம். செல்ஃப் மோட்டார் என்றால் வண்டி கிளம்பாமல் நிற்கும். பம்பர் என்றால் பார்க்க நன்றாக இருக்காது.

எட்டும் கூலி, அதாவது அந்தப் பாகத்தை எட்டிக் கழற்றி மாட்ட ஆகும் கூலி. ஏர் ஃபில்டரை மாற்றச் சில கிளிப்புகளைத் திறந்தால் போதும். கிளட்ச் பிளேட்டை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலி பெரிதாக இருக்கும் இடத்தில் மலிவுப் பாகம் சீக்கிரம் போனால், அதே கூலியை இரண்டாவது முறையும் கொடுக்க நேரும்.

உப்பும் நீரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. உப்புக் காற்றும் இரண்டு மழையும் சேரும்போது பூச்சு சரியில்லாத இரும்பு, மெல்லிய அலுமினியத் தகடு, மின் இணைப்பு முனை ஆகியவைதான் முதலில் அடிவாங்குகின்றன. கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் தாங்கும் ஒரு மலிவுப் பாகம் குளச்சலிலும் முட்டத்திலும் அப்படித் தாங்காது. இணையத்தில் படிக்கும் பொதுவான ஆலோசனைகளில் இது இருக்காது.

காத்திருப்பு. நாகர்கோவிலில் கிடைக்காத பாகம் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கலாம். அங்கும் இல்லையென்றால் மதுரை, அல்லது சென்னைக் கிடங்கு. வீட்டு உபயோகத்துக்கான காருக்கு இது எரிச்சல். வாடகைக் காருக்கு ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு.

பொறுப்பு. ஒரு மாதத்தில் பழுதானால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பாகத்தை மாற்றித் தரும் கடைகூட, அதைக் கழற்றி மாட்டும் கூலியைப் பெரும்பாலும் தருவதில்லை.

## கம்பெனிப் பெட்டியில் வரும் பாகம்

கார் நிறுவனம் தன் பெயரையும் பாக எண்ணையும் அச்சிட்டு விற்பது இது. இதன் பெரிய பலம் பொருத்தம். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டியில் ஆலையிலேயே எந்த வகை மாட்டப்பட்டது என்று பார்த்து எடுத்துத் தருகிறார்கள். ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்கும் காரில் இடையில் பிரேக் காலிப்பர் மாறியிருக்கும், வீல் பேரிங் மாறியிருக்கும். வெளிக்கடையில் "இந்த மாடலுக்கு இதுதான்" என்று வாங்கிவந்தது பட்டறையில் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே.

மறைந்த செலவு எங்கே என்றால், பல பாகங்களைத் தனியாக விற்காமல் தொகுப்பாகவே விற்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் மட்டும் தேய்ந்திருக்கும். அது பொருந்தியிருக்கும் லோயர் ஆர்ம் முழுவதையும் வாங்க வேண்டியிருக்கும். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்ததற்கு முழு விளக்கையும் வாங்கச் சொல்வார்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் காத்திருப்பும் நீளும்.

வாரண்டி பற்றிய பயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. கொள்கை அளவில் இது வாடிக்கையாளருக்குச் சாதகம். ஆனாலும் வாரண்டி உள்ள வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ், மின்னணுப் பகுதிகளில் வெளிப்பாகத்தைப் போட்டுவிட்டு, பழுது வந்த பிறகு வாதாடுவது பெரும்பாடு. வாரண்டிக் காலம் முடியும்வரை கம்பெனிப் பாகத்தோடு இருப்பதே நிம்மதி.

## தயாரிப்பாளர் தன் பெயரில் விற்கும் பாகம்

கார் நிறுவனங்கள் பிரேக் பேடையும் ஆல்டர்னேட்டரையும் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் சென்னையில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் பாகங்களுக்குப் பெயர்பெற்ற ரானே மெட்ராஸ், இந்தியாவில் ஆலை வைத்திருக்கும் பாஷ், வேலியோ போன்றவை செய்து கொடுக்கின்றன. அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் கடைகளுக்கு விற்கின்றன. வெளிச்சந்தை என்று சொல்லும்போது நான் முதலில் இவற்றைத்தான் குறிப்பிடுகிறேன். விலை குறைவு, கிடைப்பதும் எளிது.

"ஒரே ஆலை, ஒரே பொருள்தான், பெட்டிக்குத்தான் கூடுதல் பணம்" என்று கடைக்காரர்கள் சொல்வது பல நேரங்களில் உண்மை, எல்லா நேரத்திலும் அல்ல. ஒரே நிறுவனம் கார் ஆலைக்கு ஒரு கலவையிலும் கடைக்கு வேறொரு கலவையிலும் பிரேக் பேட் செய்யலாம். அதனால் தரம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. பிரேக் பிடிக்கும் தன்மையும் சத்தமும் தேய்மானமும் சற்று மாறலாம்.

இவற்றுக்கு அடுத்த வரிசையில் பெயர் தெரியாத பிராண்டுகள் இருக்கின்றன. அவற்றில் சில நன்றாக உழைக்கின்றன. எது உழைக்கும் என்பதை அன்றாடம் மாட்டிப் பார்க்கும் மெக்கானிக் அறிவார், நானும் நீங்களும் அறிய வழியில்லை. கதவுக் கைப்பிடி, வைப்பர் பிளேடு, தரைவிரிப்பு என்ற அளவில் அவற்றை வாங்கலாம். சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

## புதுப்பித்த பாகம்

பழைய பாகத்தைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டித் தருவது. மின்சாரப் பாகங்களுக்கு இது சிறந்த வழி. உறை, சுருள், இரும்பு உடல் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு கார்பன் பிரஷ் தேய்ந்ததற்காக முழு மோட்டாரையும் தூக்கி எறிவது வீண். நம் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்கிறார்கள்.

"புதுப்பித்தது" என்று சொல்லும்போது எதை மாற்றினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்ரோலில் கழுவி வெள்ளி பெயின்ட் அடித்ததும் அந்தப் பெயரில்தான் விற்கப்படுகிறது. "என்னென்ன மாற்றினீர்கள், கழற்றியதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

## பழைய பாகம்

விபத்திலோ வயதிலோ ஓட்டம் முடிந்த வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டவை. சென்னை புதுப்பேட்டை இதற்கென்றே பெயர்பெற்ற சந்தை. நம் ஊர்க் காயலான் கடைகளிலும் பொறுமையாகத் தேடினால் நல்லது கிடைக்கும். நிறுவனத்திலேயே நின்றுபோன மாடல்களுக்குச் சில வேளை இது ஒன்றே வழி.

குமரி மாவட்டத்தில் பழைய இரும்புப் பாகம் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த வண்டி எங்கே ஓடியது என்பது. கடலோர ஊரில் பத்து ஆண்டு நின்ற காரின் கதவு வெளியே பளபளப்பாக இருந்தாலும் அடி மடிப்பில் துரு தின்றிருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மதுரை, கோயம்புத்தூர் பக்கம் ஓடிய வண்டியின் கதவு கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம்.

ரசீது இல்லாத பழைய பாகத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திருட்டு வண்டியைப் பிரித்து விற்றதாக இருந்தால் காவல்துறை விசாரணை வாங்கியவர் வீட்டு வாசலுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கம்பெனிப் பெட்டி | தயாரிப்பாளர் பெட்டி | புதுப்பித்தது | பழையது |
|---|---|---|---|---|
| விலை | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| பொருத்தம் | சேசிஸ் எண்படி உறுதி | பாக எண் சரிபார்க்க வேண்டும் | நம் பாகத்தையே புதுப்பித்தால் உறுதி | ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும் |
| உப்புக் காற்றில் | நன்று | பெரும்பாலும் நன்று | செய்பவரைப் பொறுத்தது | எங்கே ஓடியது என்பதைப் பொறுத்தது |
| காத்திருப்பு | பழைய மாடலுக்கு நீளும் | குறைவு | பெரும்பாலும் குறைவு | அதிர்ஷ்டம் |
| பொறுப்பேற்பவர் | டீலர் | கடை, தயாரிப்பாளர் | செய்தவர் | யாருமில்லை |
| மறைந்த செலவு | தொகுப்பாக வாங்குவது | போலிப் பெட்டி | அரைகுறை வேலை | மறுபடியும் கூலி |

இனி பாகம் பாகமாகப் பார்ப்போம்.

## பிரேக்

கால் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்கள் வழியே தள்ளுகிறது. முன்சக்கரத்தில் காலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பேடுகளைச் சுழலும் டிஸ்க்கின் மேல் இறுக்குகிறது. பல கார்களின் பின்சக்கரத்தில் டிரம் இருக்கும். அதற்குள் வளைந்த ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து உரசும்.

பேட் என்பது ஓர் இரும்புத் தகட்டில் உராய்வுக் கலவையை ஒட்டவைத்த பொருள். கடலோர ஊர்களில் மலிவு பேடுகள் தோற்கும் இடம் இந்த ஒட்டுதான். தகட்டுக்குச் சரியான பூச்சு இல்லையென்றால் உப்பு ஈரத்தில் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அது கலவைக்கு அடியில் புகுந்து, கலவையைத் தகட்டிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கிப் பெயர்த்துவிடும். பேடில் இன்னும் பாதிக் கனம் இருக்கும்போதே ஒரு துண்டு பிய்ந்து விழுவதற்கு இது ஒரு காரணம். மீன்பிடித் துறைமுகங்களுக்குப் போய்வரும் வண்டிகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எனவே பேட், ஷூ, டிஸ்க், வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கம்பெனி அல்லது பெயருள்ள பிரேக் தயாரிப்பாளர். பழையதும் பெயர் தெரியாததும் வேண்டவே வேண்டாம். ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதானால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். காலிப்பர் நகரும் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைப் போட்டு, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பின் துருவேறி இறுகினால் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து தீர்ந்துவிடும். எவ்வளவு நல்ல பேடை வாங்கிப் போட்டாலும் பயனிருக்காது.

காலையில் வண்டியை எடுக்கும்போது டிஸ்க்கில் தெரியும் மெல்லிய செம்பழுப்புப் படலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். சில முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும். அதைக் காட்டி டிஸ்க்கை மாற்றச் சொன்னால், முதலில் கனத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் எண்ணெயைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் தரம் கேட்பது 155 டிகிரிதான். கோதையாறு, பேச்சிப்பாறை பக்கம் மலையிறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால், ஈரமேறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழியாகும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடி திறந்து நாள்பட்ட பாட்டிலில் மீதி இருக்கிறது என்று அதை ஊற்றவிடாதீர்கள். இங்கே மிச்சமாவது மிகச் சிறிய தொகை.

## கிளட்ச்

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட், அதை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட், மிதியை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊர்வதும், குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்ட மேடுகளில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சாலேயே வண்டியை நிறுத்திவைப்பதும் பிளேட்டை எரிக்கும் பழக்கங்கள்.

எட்டும் கூலி என்னும் அளவுகோல் முழு எடையோடு வந்து நிற்பது இங்கேதான். ஒரு கணக்குக்காக, நல்ல செட் 6,000 ரூபாய், மலிவு செட் 3,500 ரூபாய், கூலி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்லதைப் போட்டால் 10,000. மலிவானது பாதி நாளில் போனால், 7,500 இரண்டு முறை, 15,000. இரண்டு முறை வண்டி நின்ற நாள்கள் தனி. "பிளேட் மட்டும் மாற்றினால் போதும், பேரிங் இன்னும் ஓடும்" என்பதும் இதே கணக்கில்தான் தோற்கிறது. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போது ஃபிளைவீலின் முகத்தையும், கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்த சீல் கசிந்தால் எண்ணெய் புதுப் பிளேட்டின் மேலேயே விழும்.

பெயருள்ள தயாரிப்பாளரின் செட்டே இதில் என் முதல் தேர்வு. கம்பெனிப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியம் பல மாடல்களில் இல்லை. பழைய பிளேட்டுக்கு மீண்டும் லைனிங் ஒட்டித் தருவது ஜீப், லாரி காலத்திலிருந்து நடக்கிறது. பழைய எஸ்டேட் ஜீப்புகளுக்கு அது இன்றும் சரிவரலாம். இன்றைய சிறிய கார்களுக்கு வேண்டாம்.

## சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும்

வேகத்தடையில் "டக்" என்று கேட்டால் உடனே ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி சின்னப் பொருள்: ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஸ்ட்ரட் மவுண்டிங் ஆகியவற்றில் ஒன்று. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, வண்டி குதித்து அடங்க நேரமெடுத்தாலோதான் அதை மாற்ற வேண்டும், அதுவும் இரண்டிரண்டாக. பெயருள்ள வெளிப்பிராண்டு இதற்கு முற்றிலும் போதும்.

பால் ஜாயின்ட், டைராடு எண்ட் இரண்டும் வேறு கதை. கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டுகள் இவை. பால் ஜாயின்ட் பெயர்ந்தால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்காரும். டைராடு எண்ட் கழன்றால் ஸ்டியரிங் பேச்சைச் சக்கரம் கேட்காது. மேலே இருக்கும் ரப்பர் உறை கிழிந்து மழைச்சேறும் உப்புநீரும் உள்ளே போனதுதான் பெரும்பாலும் தொடக்கம். கம்பெனி முழு ஆர்ம் வாங்கச் சொல்லும் இடத்தில், பெயருள்ள தயாரிப்பாளரின் பால் ஜாயின்ட்டை மட்டும் பிரஸ்ஸில் வைத்து ஏற்றலாமா என்ற கேள்வி வரும். ஆர்ம் வளையாமல், துரு தின்னாமல், புஷ் நன்றாக இருந்தால் ஏற்றலாம். பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றும் பட்டறையில் வேண்டாம். முன்பக்க வேலை எதுவானாலும் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

ரப்பரைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல எனக்குத் தனி ஆசை. தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் முதன்மை மாவட்டம் நம்முடையது. மரத்தில் பால் வடிக்கும் அந்த இயற்கை ரப்பர், திரும்பத் திரும்ப அசைந்தாலும் களைக்காத குணத்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்குக்கும் புஷ்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். அதனால் ஆயில் சீலுக்கு நைட்ரைல் ரப்பரையும், கூலன்ட் ஹோஸுக்குச் சூடு தாங்கும் இன்னொரு செயற்கை ரப்பரையும் வைக்கிறார்கள். இன்ஜினில் சிறு எண்ணெய்க் கசிவை விட்டுவைத்தால் கீழே உள்ள மவுண்டிங்கும் கெடும். மவுண்டிங் வாங்கும்போது மிக மலிவானதில் ரப்பர் கட்டையாக இருந்து, நின்ற நிலையிலேயே வண்டி முழுவதும் அதிரும். இதற்குக் கம்பெனிப் பாகமே சரி. பழைய மவுண்டிங் என்பது வயதான ரப்பர், வாங்காதீர்கள்.

வீல் பேரிங்கில் ஒரு நுணுக்கம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கார்களில் கட்டாயமானது. பல கார்களில் அதன் சென்சார் படிப்பதற்கான காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. வளையம் இல்லாத பேரிங்கைப் போட்டாலும், திருப்பி ஏற்றினாலும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாக எண் பார்த்து வாங்குங்கள்.

## செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்

இங்கே புதுப்பித்த பாகம் வெல்கிறது, தயக்கமில்லாமல். செல்ஃப் மோட்டாரில் பெரும்பாலும் தேய்வது கார்பன் பிரஷ், புஷ், சாலினாய்டின் முனைகள். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில், நம் ஊரில் இன்னமும் டைனமோ என்றே சொல்கிறார்கள், பிரஷ், பேரிங், ரெக்டிஃபையர், ரெகுலேட்டர். இவை எல்லாம் தனியாகக் கிடைக்கின்றன. உங்கள் பாகத்தையே கழற்றிச் செய்துகொடுப்பவர் இருந்தால் பொருத்தப் பிரச்சினையும் இல்லை.

மாட்டிய பிறகு இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண அமைப்புள்ள கார்களில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அதற்கும் முன்னால், கம்பி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் துருப்பிடித்த எர்த் கம்பியின் குற்றத்துக்காக நல்ல மோட்டார்கள் கழற்றப்படுகின்றன.

சுருள் எரிந்துபோயிருந்தால் கணக்கு மாறும். அப்போது புதியதன் விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## ரேடியேட்டரும் ஏசியும்

காரின் முகப்பில் முதலில் ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். உப்புக் காற்றை நேராக வாங்கிக்கொள்வது இந்த இரண்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள். பழையது வாங்கினால் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டென்சரில் நுண்துளை விழுந்தால் ஒவ்வொரு முறையும் ஏசி வாயு நிரப்பும் செலவு. பெயருள்ள தயாரிப்பாளரின் புதியதை வாங்குங்கள். கடற்கரையில் வசிப்பவர்கள் அவ்வப்போது மெல்லிய நல்ல நீர்த் தாரையால் முகப்பைக் கழுவிவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

ரேடியேட்டருக்குள் ஊற்றும் நீரும் இங்கே பெரிய விஷயம். கடலோரக் கிணற்று நீரிலும் போர் நீரிலும் உள்ள உப்பு உள்ளிருந்தே தின்னும். கலந்து விற்கும் கூலன்ட், அல்லது கனிமம் நீக்கிய நீரோடு கூலன்ட், வேறெதுவும் வேண்டாம். மூடியையும் அலட்சியமாக எண்ணாதீர்கள். அமைப்பினுள் அழுத்தத்தைத் தாங்கி, நீரின் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் உயர்த்திவைப்பது அதன் வால்வுதான். எந்த மூடியோ ஒன்றை மாட்டினால் வண்டி காரணமில்லாமல் கொதிக்கும்.

ஏசி கம்ப்ரசர் உள்ளே அரைபட்டு நின்றிருந்தால், உலோகத்தூள் குழாய் முழுவதும் பரவியிருக்கும். சுத்தம் செய்யாமல் பழைய கம்ப்ரசரை மாட்டினால் அதுவும் சீக்கிரம் அதே கதிக்கு ஆளாகும். குழாய்களைக் கழுவுவது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றுவது, வாயு நிரப்புவது எல்லாம் கூட்டிய பிறகும் பழையது லாபமாகத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

## டைமிங் பெல்ட், கணினி, உடற்பாகம்

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் அது அறுந்தால் பல மாடல்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் சேர்ந்த முழு கிட்டாக, கம்பெனியிலோ பெயருள்ள தயாரிப்பாளரிடமோ வாங்குங்கள். தண்ணீர் பம்ப்பையும் அதே பெல்ட் சுழற்றினால் கூடவே மாற்றிவிடலாம்.

இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியைப் பழையதாக வாங்கினால், சாவியை அடையாளம் காணும் பூட்டு ஒத்துப்போகாமல் வண்டி கிளம்பாமல் நிற்கலாம். ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் பழையதில் வாங்கவே கூடாது.

கதவு, டிக்கி மூடி, பம்பர், பக்கக் கண்ணாடி, டெயில் லைட், இருக்கை: பழைய பாகத்துக்கு இது சொந்த வீடு. அதே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம். விபத்துக்காக இன்சூரன்ஸ் கேட்கும்போது, சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். புது பம்பரில் பாதி உங்கள் பையிலிருந்துதான் போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

வாடகைக் கார் ஓட்டுபவர்கள் தயாரிப்பாளர் பெட்டியிலேயே இருப்பது நல்லது. நாகர்கோவிலில் அன்றே கிடைப்பதுதான் அவர்களுக்கு முதல் தகுதி. மீன் ஏற்றும் சிறிய சரக்கு வண்டிகளில் உருகும் ஐஸ்கட்டியோடு உப்புநீர் சேசிஸில் வடிகிறது. பிரேக் குழாய், எரிபொருள் குழாய், ஸ்பிரிங் பட்டை இவற்றில் அவர்கள் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டில் விற்றுவிடப்போகும் பழைய கார் என்றால், உயிர் சம்பந்தமில்லாத எல்லா இடத்திலும் புதுப்பித்ததும் பழையதும் தாராளமாகப் போதும். விற்கப்போகிற வண்டிதானே என்று பிரேக்கில் மலிவைத் தேடினால், அடுத்து வாங்கும் குடும்பம் அதில்தான் பயணம் செய்யப்போகிறது.

## கடையில் நிற்கும்போது

போலிகள் எளிதில் தேயும் பொருள்களிலேயே அதிகம்: ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், பேரிங். பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் இருக்க வேண்டும். அச்சு மங்கியிருந்தாலோ, பெட்டியிலுள்ள எண்ணும் பாகத்தில் பொறித்த எண்ணும் மாறினாலோ திருப்பிக் கொடுங்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் "கம்பெனி சாமான்" என்று ஒருவர் நீட்டினால் அது கம்பெனி சாமான் அல்ல.

ஜி.எஸ்.டி. ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதில் பாக எண்ணை எழுதச் சொல்லுங்கள். மாட்டிய அன்று ஓடியிருந்த கிலோமீட்டரை அதன் பின்பக்கம் குறித்து வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் புதுப் பெட்டியிலேயே போட்டுக் கையில் தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே மாற்றினார்களா என்பது அதில் தெரிந்துவிடும். செல்ஃப் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ என்றால் அந்தப் பழைய பாகத்துக்கு எலக்ட்ரிக் கடையில் ஒரு விலையும் உண்டு.